களை மீன் என்று ஒரு மீன் கிடையாது

கடந்த ஐப்பசியில் எங்கள் ஊர் மந்தையில் ஒரு கூட்டம். குளத்தில் கால்வாசித் தண்ணீர் சேர்ந்திருந்தது. மீன்பாசி ஏலம் எடுத்தவர் வந்திருந்தார். ஆயக்கட்டு விவசாயிகள் முப்பது பேர் இருப்போம். அவர் நல்ல மனிதர், வட்டிக்குப் பணம் வாங்கி ஏலம் எடுத்தவர். எழுந்து நின்று பணிவாகத்தான் கேட்டார்.

"குளம் பெருகுறதுக்கு முன்னாடி இலுப்பைப் புண்ணாக்கு போட்டுக்கிறேன். களை மீனை ஒழிச்சாத்தான் நான் விடுற குஞ்சு பிழைக்கும். ரசாயனம் இல்லை, இயற்கைப் பொருள்தான். நீங்க எல்லாம் இயற்கை விவசாயம் பண்றவங்க, உங்களுக்கும் சம்மதமாத்தான் இருக்கும்."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் திக்கென்றது. 'களை மீன் ஒழிப்பு, இலுப்பைப் புண்ணாக்கு, எக்டேருக்கு 2500 கிலோ.' இந்த வரியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கிராமக் கிளையில் வேளாண் கடன் பார்த்த காலத்தில், மீன் வளர்ப்புக் கடன் விண்ணப்பத்தோடு வரும் திட்ட மதிப்பீட்டில் முதல் செலவே அதுதான். விரால், குறவை, தேளி, அயிரை, கெண்டைப்பொடி எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தவன் நான். ஒரு தடவைகூட, அந்த மீன்கள் அந்தக் குளத்துக்கு எப்படி வந்தன என்று கேட்டதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை, எங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். சின்ன வயதில் மடைக்காரராக இருந்தவர்.

யாரும் விடாத மீன்

"அண்ணே, அந்தக் காலத்துல குளத்துல மீன் யாரு விட்டது?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "யாரு விடுவாக? தண்ணி வந்தா மீன் வரும். மறுகால் பாஞ்சா ஆத்துல கிடக்குற மீன் எதிரேறி வரும். ஏத்து மீனுன்னு சொல்லுவோம். அதுக்கு யாரு குஞ்சு விட்டது, பேங்க்கு சாரு?"

எனக்கும் நினைவிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஐப்பசி மழையில் மறுகால் ஓடை நிறைந்து ஓடும். முழங்கால் தண்ணீரில் கெண்டைகள் கூட்டங்கூட்டமாக எதிர்த்து ஏறும். வயல் வரப்பு உடைப்பில் துள்ளி அடுத்த வயலுக்குப் போகும். வயிறு முழுக்கச் சினை இருக்கும். முட்டை இடுவதற்குத் தண்ணீர் தெளிந்த, ஆழம் குறைந்த, புல் முளைத்த இடத்தைத் தேடித்தான் அவை ஏறுகின்றன என்பது பிறகுதான் புரிந்தது. அந்த இடம் நம் குளத்தின் நீர்ப்பிடிப்பும் நம் நெல் வயலும்தான்.

இதன் வழியை வரைபடத்தில் பாருங்கள். எங்கள் மறுகால் ஓடை குடகனாற்றில் விழுகிறது. குடகனாறு ஆத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் இருந்து வந்து, திண்டுக்கல்லைக் கடந்து, வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. அப்படிப் பார்த்தால் திண்டுக்கல் சமவெளியின் பல குளங்கள் காவிரியின் கடைசி விரல் நுனிகள். எல்லா மீனும் காவிரியில் இருந்தே நடந்து வந்தது என்று சொல்லவில்லை. ஆற்று மடுக்களில் கோடையைக் கழித்த மீன், வெள்ளம் வந்ததும் ஓடைக்கும் குளத்துக்கும் ஏறும். குளத்து மீன் மறுகாலில் இறங்கி ஆற்றுக்குப் போகும். விராலும் குறவையும் தேளியும் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. குளம் வற்றினாலும் சேற்றில் கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வரும். ஆறும் குளமும் வயலும் மீனுக்கு ஒரே வீடு. நாம்தான் அதைப் பட்டா பிரித்தோம்.

இரண்டாயிரம் ஆண்டுத் தூண்டில்

இந்தக் கேள்வி வந்த பிறகு பழைய நூல்களைப் புரட்ட ஆரம்பித்தேன். காவிரி நாட்டு மீன்பிடிப்புக்குச் சங்க இலக்கியம்தான் நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி.

பட்டினப்பாலையையும் பெரும்பாணாற்றுப்படையையும் பாடியவர் ஒருவரே, கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலை காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்கிறது. அங்கே பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாக் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடிக் கழிக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படை காஞ்சி ஆண்ட இளந்திரையன் நாட்டுப் பாட்டு. அதில் வலைஞர் குடிசை முற்றத்தில் மீன் பிடிக்கும் பறி கிடக்கிறது. நீர்க்கரையில் ஒரு பாணர், நீண்ட மூங்கில் கழியில் கயிறு கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரை வைத்துக் காத்திருக்கிறார். வாளை இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது! இன்றைக்கும் நம் குளக்கரையில் பையன்கள் ஏமாந்து நிற்கும் அதே காட்சி. நரம்புக் கயிறு நைலானாக மாறியது தவிர வேறு எதுவும் மாறவில்லை.

கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் ஒரு பண்டமாற்று வருகிறது. தேனும் கிழங்கும் கொண்டு வந்தவர்கள் மீன் நெய்யும் கள்ளும் வாங்கிப் போகிறார்கள். மலைக்காரனுக்கும் நீர்க்கரைக்காரனுக்கும் நடுவில் மீன் ஒரு நாணயமாக இருந்திருக்கிறது. பாண்டியர் காசுகளில் மீன் பொறித்திருப்பது நமக்குத் தெரிந்ததுதான்.

அந்தக் கருவிகளைக் கவனித்தால் ஒன்று புரியும். தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனைப் பிடிக்கும். பறி ஓடும் தண்ணீரில் வருவதை மட்டும் பிடிக்கும். மூங்கில் இடைவெளி வழியாகக் குஞ்சு போய்விடும். நம் பக்கம் ஊத்தா என்கிறோமே, அந்த அடியில்லாக் கூடை, இடுப்பளவுத் தண்ணீருக்குக் கீழே வேலை செய்யாது. வீச்சு வலை கை வீசும் தூரம்தான் போகும். காவிரியின் மேல்பகுதியில் ஒகேனக்கல், மேட்டூர் பக்கம் மூங்கில் பின்னி மாட்டுத் தோல் போர்த்திய பரிசல். ஒருவர் துடுப்புப் போட ஒருவர் வலை விடலாம்.  கருவியே ஒரு அளவு வைத்திருந்தது.

பழையவர்கள் எல்லாரும் ஞானிகள் என்று நான் எழுதவில்லை. காக்கைக்கொல்லி விதையை இடித்து மடுவில் கலக்கி மீனை மயக்கிப் பிடித்தவர்களும் இருந்தார்கள். ஏறுகிற சினை மீனை மறுகாலில் கூடை வைத்து அள்ளியவர்களும் இருந்தார்கள். அவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். அந்த மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டவன் நான். ஆனால் ஆறு தொடர்ந்து ஓடியது; மடுக்கள் இருந்தன; ஒரு வருஷம் அள்ளியதை அடுத்த வெள்ளம் நிரப்பியது.

பாசிப்பாட்டம்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வருவாய் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கட்ட வேண்டிய தொகை. ஏரியில் மீன் பிடிப்பதால் வரும் வருமானத்தை அந்த ஏரியைக் குழி தோண்டவும் கரை கட்டவுமே ஒதுக்கிய செய்திகள் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரி வாரியம் பேசப்படுவது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது நம் ஏல அறிவிப்பைப் பாருங்கள்: 'மீன்பாசி குத்தகை'. ஆயிரம் ஆண்டாக அந்தப் 'பாசி' நம் வாயில் தங்கியிருக்கிறது. வார்த்தை தங்கியது, கணக்கு தங்கவில்லை. 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. குத்தகைப் பணம் பொதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. எங்கள் குளத்து மீன் காசில் எங்கள் மடைக்கு ஒரு சட்டி சிமெண்ட் வந்ததாக எனக்கு நினைவில்லை. வங்கிக்காரன் பேச்சில் சொன்னால், வட்டியை எடுத்துச் செலவழித்து முதலைப் பராமரிக்காமல் விட்ட கணக்கு இது.

வழி அடைபட்ட கதை

காவிரியில் உல்லம் என்று ஒரு மீன். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ் மீன்தான் அது. கடலில் வாழ்ந்து, வெள்ள காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடும். விலாங்கு இதற்கு நேர் எதிர்; ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடும். இரண்டுக்கும் ஆறு திறந்திருக்க வேண்டும்.

1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார். தஞ்சைப் பாசனத்துக்கு அது பெரிய நன்மை. மீனுக்கு அது ஒரு சுவர். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சிக்கு வந்தவர் பிரான்சிஸ் டே. 1873இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பற்றி அவர் கொடுத்த அறிக்கையில் இரண்டு விஷயங்களை வற்புறுத்தினார். அணைகளில் மீன் ஏற வழி வைக்க வேண்டும். வயல்களிலும் வாய்க்கால்களிலும் சின்னக் கண் வலையாலும் பொறியாலும் குஞ்சுகளை அழிப்பதைத் தடுக்க வேண்டும். 150 ஆண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் நாம் பேச வேண்டியது இதே இரண்டுதான்.

1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழணையில் உல்லம் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சிகூட நடந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. கொள்ளிடத்துக்குப் போகும் வெள்ளம் குறைந்தது, உல்லமும் குறைந்துபோனது. காவிரிக்கே சொந்தமான கருமுழிக் கெண்டை போன்ற மீன்களும் வரவர அரிதாகிவிட்டன.

எங்கள் பக்கத்துக் கதையும் அதேதான். வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். 1977 வெள்ளத்தில் அது உடைந்தது, பிறகு திரும்பவும் கட்டினார்கள். ஊருக்கு ஊர் தடுப்பணை வந்தது. மணல் போனது, மடு தூர்ந்தது. ஆழ்துளைக் கிணறுகள் ஆற்றின் அடித் தண்ணீரையும் உறிஞ்சின. தோல் பதனிடும் கழிவு திண்டுக்கல்லைச் சுற்றி நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை இங்குள்ள விவசாயிக்கு நான் சொல்லத் தேவையில்லை. அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நானும் வளர்ந்தேன். வழியை அடைத்ததற்கு நாம் என்ன ஈடு கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

விருந்தாளி வீட்டுக்காரரான விதம்

ஆற்று மீன் குறைந்த இடத்தில் வளர்ப்பு மீன் வந்தது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். கட்லாவை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். 1952இல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது. நாம் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பேர் வைத்துக் கொண்டோம். 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி, கெண்டை மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அதன் பிறகுதான் குஞ்சு வேண்டிய அளவு கிடைத்து, குளத்தில் மீன் 'விடுவது' என்கிற பழக்கம் நாடெங்கும் பரவியது. ஏழை வீட்டுத் தட்டுக்கு மலிவான மீன் வந்தது அதனால்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நாளில் இருந்து, இரண்டாயிரம் ஆண்டு இங்கேயே இருந்தவன் களை ஆனான். நெல்லுக்கு நடுவில் கோரையைக் களை என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. பொன்னாங்கண்ணியையும் களை என்று மருந்தடித்தோம் பாருங்கள், அந்தப் பிசகுதான் இதுவும். அயிரை என்ன விலைக்குப் போகிறது என்று திண்டுக்கல் சந்தையில் விசாரித்துப் பாருங்கள். கட்லாவைப் போலப் பல மடங்கு. விராலும் அப்படித்தான். காசுக் கணக்கிலும் இவை களை இல்லை. களை என்று ஒழிக்க வேண்டிய ஒன்று உண்டென்றால், 2000ஆம் ஆண்டு அரசே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்திதான். அது ஒருமுறை குளத்தில் புகுந்தால் மற்ற மீனை வாழ விடாது.

இலுப்பைப் புண்ணாக்கு இயற்கைப் பொருள்தானே என்று கேட்கலாம். அதில் உள்ள சபோனின் மீனின் இரத்தத்தைக் கெடுத்துக் கொல்கிறது. இரண்டு மூன்று வாரம் விஷம் நிற்கும், பிறகு உரமாகும். காக்கைக்கொல்லியும் செடியில் இருந்து வந்ததுதான். ரசாயனம் இல்லை என்பதால் மட்டும் ஒரு காரியம் இயற்கை வேளாண்மை ஆகிவிடாது. எதைக் கொல்கிறோம், எதற்காகக் கொல்கிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் தெளிக்கிறோம். குளத்துக்கும் அதே கேள்விதான்.

நம் பக்கத்துத் தப்பையும் ஒளிக்கக் கூடாது. வயலுக்கு மீன் வராமல் போனதற்குக் குத்தகைக்காரர் காரணம் இல்லை. எண்டிரினும் எண்டோசல்பானும் அடித்தவர்கள் நாம். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடுத்தது 2011இல். அதற்கு முன் எத்தனை பருவம், அதை வாங்கப் பயிர்க்கடன் கொடுத்தவன் நான்.

மந்தையில் முடிவானது

மூன்றாம் நாள் மீண்டும் கூடினோம். நான் பெரும்பாணாற்றுப்படை எல்லாம் பேசவில்லை. பெரியவரைப் பேசச் சொன்னேன். ஏத்து மீன் கதையை அவர் சொன்னதும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். இளைஞர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

குத்தகைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "கதை நல்லாத்தான் இருக்குண்ணே. விராலு என் குஞ்சைத் தின்னா வட்டி யாரு கட்டுவா?" என்றார். சபை அமைதியாகிவிட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விரால் சின்னக் குஞ்சைத் தின்னத்தான் செய்யும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. விரலளவுக்கும் சிறிய குஞ்சுக்குப் பதிலாக, நான்கு அங்குலம் வளர்ந்த குஞ்சாக விட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கு விலை கூடுதல். அந்தக் கூடுதல் தொகையில் பாதியை ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கர் கணக்குப் போட்டுத் தருவது என்று பேசி முடித்தோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். "மீனுக்குப் போய் வரி கட்டவா?" என்று கேட்டார்கள். அது வரி இல்லை, பாசிப்பாட்டம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முடிவான மற்றவை:

புண்ணாக்கு போடுவதில்லை.

மறுகால் ஓடும் நாட்களில் ஓடையின் குறுக்கே வலையோ கூடையோ வைப்பதில்லை. இது குத்தகைக்காரருக்கும் உண்டு, ஊர்க்காரருக்கும் உண்டு.

பயிர் நிற்கும் வரை மீனுக்காக மடையைத் திறந்து குளத்தை வடிப்பதில்லை.

மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் கடைசித் தண்ணீரைக் கலக்குவதில்லை. அடுத்த வருஷத்து விதை மீன் அங்கேதான் கிடக்கும்.

கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். நத்தம், சாணார்பட்டி பக்கம் நடப்பது போல எங்கள் ஊரிலும் கோடையில் மீன்பிடித் திருவிழா உண்டு. வெள்ளைத் துண்டை வீசியதும் சாதி, வயசு பார்க்காமல் எல்லாரும் ஊத்தாவோடு இறங்குவார்கள். அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை, உரிமையும் இல்லை. பள்ளத்தை மட்டும் நாலு கம்பு நட்டு விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறேன். பங்குனியில் தெரியும்.

நீங்களும் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று. வாய்க்கால் தண்ணீர் நுழையும் வயலின் தாழ்ந்த மூலையில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். தண்ணீர் கட்டும்போது வயலுக்குள் மேயும் மீன், காயப் போடும்போது அந்தக் குழிக்குள் ஒதுங்கும். குழியில் இருந்து வடிகாலுக்கு ஒரு வழி வையுங்கள். மருந்தடிக்கிற பக்கத்து வயல் தண்ணீர் அதற்குள் வராமல் வரப்பை உயர்த்துங்கள். நான் ரசாயனத்தை நிறுத்திய நாலாவது வருஷம்தான் என் குழியில் கெண்டைப்பொடியும் இரண்டு குறவையும் தென்பட்டன. யாரும் விட்ட மீன் இல்லை. தானாக வந்தது.

இது மாசி. குளத்தில் முக்கால் தண்ணீர் இருக்கிறது, நெல் பால் பிடித்து நிற்கிறது. நேற்று சாயங்காலம் குத்தகைக்காரர் கரையில் உட்கார்ந்திருந்தார். செம்மண் நிறத்தில் ஒரு பந்து போல நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் தண்ணீர் மேலே குமிழியிட்டுப் போயின. அடியில் தாய் விரால் காவல். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"வலை வீசினா தாய் மீன் ரெண்டு கிலோ தேறும்ணே" என்றார்.

"வீசுறீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "குஞ்சு பிரியட்டும்" என்றார்.